முருகனுக்குச் சம்சாரம் கூடுதல்

பாறைமேடு என்ற பெயரில் பாறையும் இருக்கிறது, மேடும் இருக்கிறது. ஊரில் இரண்டும் இல்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே தோசைக்கல் மாதிரி சமமாகக் கிடக்கிற ஊர். குன்று கண்ட இடமெல்லாம் ஏறி நிற்கிற முருகன், இங்கே மட்டும் தரையில் நிற்கிறார். முழங்கால் வலிக்காரர்கள் அதையே அவருடைய பெரிய அருளாகச் சொல்வார்கள்.

கோயிலுக்கு முன்னால் மூன்று நிலைக் கோபுரம். கடையில் இருந்த எந்த பெயிண்டின் மனமும் நோகக் கூடாது என்று எல்லா நிறத்தையும் வாங்கி அடித்தது. முதல் நிலையில் முருகன். வலப்புறம் வள்ளி, இடப்புறம் தெய்வானை. கோபுரத்தைத் தாண்டினால் நாடு மாறிவிடும். கொடிமரம், பெரிய பலிக்கல், ஓடு வேய்ந்த நாலம்பலம் என்கிற சுற்றுக்கட்டு, அதன் வெளிச்சுவர் முழுக்க மரச்சட்டங்களில் அகல் வரிசை, நடுவில் செம்புக் கூரை போட்ட சதுரமான ஸ்ரீகோயில். அதற்குள்ளே முருகன் வேலைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறார். கோபுரத்தில் குடும்பஸ்தர், கருவறையில் பிரம்மச்சாரி. பாறைமேட்டுக்காரர்களுக்கு இதில் முரண் ஏதும் தெரிந்ததில்லை. வீட்டில் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமும் பேசுகிறவர்கள் அவர்கள். வாசலில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருப்பது அவர்களுக்கு ஆரோக்கியமான நிலை.

இரண்டு நாடுகளுக்கும் எல்லை, கோபுரத்தின் அடியில் உள்ள கல் நடையில் இருக்கிறது. அதுவரை சட்டையோடு வரலாம். அதற்கு அப்பால் கேரள வழக்கம்: ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் போக வேண்டும். கைபேசியும் உள்ளே ஆகாது. வேட்டியில் பை கிடையாது. ஆகவே கைபேசியைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையைக் கழற்றி நீட்டுவார்கள். அதை வாங்கி, சுவரின் இரும்பு வளையங்களுக்கு இடையே கட்டியிருக்கும் கயிற்றில் தொங்கவிடுகிறவள் பழனாத்தாள்.

பழனாத்தாள் வேலந்தாவளத்து மாட்டுத் தரகர் ஒருவரின் மகள். சந்தையில் அந்த மனிதர் துண்டைப் போர்த்தி, துண்டுக்கு அடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்தே விலை பேசி முடிப்பார். ஒரு தொகையை வாய்விட்டுச் சொன்னவர் இல்லை. ஆயுள் முழுக்க அவர் பேசாமல் மிச்சம் பிடித்ததெல்லாம் மகளுக்குச் சேர்ந்துவிட்டது என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. அவளைக் கட்டிக்கொண்டவர் லாரி ஓட்டுகிறார். ஊருக்கு வருகிற நாட்களில் அவர் பங்குக்குத் தலையாட்டுவார்.

இந்த வேலைக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த அன்று, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த சொந்தபந்தங்கள் சட்டையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல், உயரமாகவும் சுத்தமாகவும் தெரிந்த ஒரு கல்லின் மேல் குவித்துவிட்டார்கள். அது பலிக்கல். தெய்வத்தின் பரிவாரங்களுக்குச் சோறு வைக்கிற கல். அதை யாரும் தொடவே கூடாது. மேல்சாந்தி, அதாவது தலைமைப் பூசாரியான நம்பூதிரி, மணியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார். சாமி பார்க்க வந்த பழனாத்தாள்தான் சட்டைகளை அள்ளி, தோரணக் கயிற்றை அவிழ்த்துக் கட்டி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஊரும் பேரும் உறவும் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையது. யாரும் நியமிக்காததால் யாராலும் நீக்கவும் முடியாமல் இருந்தது.

சட்டை போட்ட ஆணிடம் பேசுவது வேறு, சட்டை கழற்றிய ஆணிடம் பேசுவது வேறு. இந்த நுட்பத்தை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள்.

"ஏனுங்க மாமா, போன தைப்பூசத்துல உங்களுக்கு முன்னால வேலுதானுங்க போச்சு. இந்த வருசம் வயிறு போவுதுங்க" என்பாள்.

"ஏனுங்க தம்பி, ரெண்டாவது பொத்தானை வேற நூல்ல தெச்சிருக்குதே. ஊட்டுல அம்மிணி பொறந்த ஊட்டுக்குப் போயிருச்சுங்களா?" என்பாள்.

சட்டை இல்லாத நிலையில் இதற்கெல்லாம் கம்பீரமாகப் பதில் சொல்ல வழியில்லை. ஆண்கள் வயிற்றை எக்கிக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே போவார்கள். ஆனால் நாலு நாள் அவள் ஒன்றும் சொல்லாவிட்டால், உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று அவர்களே கவலைப்பட்டார்கள். தங்கள் உடம்புக்கா, அவள் உடம்புக்கா என்பது அவர்களுக்கே தெளிவில்லை.

எல்லாம் இப்படியே நடந்திருக்கும். கெடுத்தது கட்டடக்கலை. தேவனின் பார்வை தடையில்லாமல் வெளியே போக வேண்டும் என்று, ஸ்ரீகோயில் படி, நாலம்பல வாசல், கோபுர நடை எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருக்கிறார்கள். பலிக்கல்லின் உயரத்தைக்கூட அந்தப் பார்வையை மறைக்காதபடி கணக்கிட்டிருக்கிறார்கள். பார்வை வெளியே போகிற வழியில் பேச்சு உள்ளே வரும் என்பதைத் தச்சு சாஸ்திரம் யோசிக்கவில்லை. பின்னால் வந்த கோபுரத்தின் கல் நடை, ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி அமைந்துபோயிற்று. பழனாத்தாள் கயிற்றடியில் சொல்வது மேல்சாந்தியின் காதில் மந்திரத்துக்கு நடுவே தெளிவாக விழும். ஊரில் யாருக்கு மூலம், யார் வீட்டில் மருமகள் கோபம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முருகனுக்கும் தெரியும் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஸ்ரீகோயில் நடை திறப்பதற்குச் சற்று முன்னால், மேளம் நின்று எல்லோரும் மூச்சை அடக்கி நிற்கிற அந்த நொடியில், கோயில் கமிட்டிச் செயலாளர் வேல்முருகன் தாமதமாக ஓடிவந்து சட்டையை நீட்டினார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தலைமுடி விஷயத்தில் முயற்சியுள்ளவர்.

"ஏனுங்க செயலாளரே, தலைக்குப் போடற மையை காலருக்கும் சேத்துப் போட்டுட்டீங்களாட்டம் இருக்குதுங்களே" என்றாள் பழனாத்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். நேர்கோடு அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நடை திறந்தபோது மேல்சாந்தியின் கண்களில் நீர் வழிந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்றே வேல்முருகன் முடிவு செய்துவிட்டார். அவளைக் குளக்கரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தவளைகளைத் தவிரப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது.

"அந்த நடையை உட்டா எனக்கு வேற ஊடு இல்லீங்க. ஊட்டுல நான் தூங்கத்தான் போறேன்" என்று பழனாத்தாள் தலைவரிடம் போய்ச் சொன்னாள். தலைவர் நாச்சிமுத்துக் கவுண்டர் தென்னந்தோப்புக்காரர். யார் எதைச் சொன்னாலும் "பாக்கலாம்" என்று சொல்லியே பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவளிடமும் பாக்கலாம் என்றார்.

அந்தச் சமயத்தில் நமஸ்கார மண்டபத்தின் உத்தரத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. மரத்தில் விரிசல் கண்டால் தச்சரைக் கூப்பிடுவது உலக வழக்கம். கோயில் வழக்கம் வேறு. முதலில் தேவப்பிரசன்னம் பார்க்க வேண்டும். ஜோசியரான பணிக்கர் சோழிகளைப் பரப்பி, தெய்வத்துக்கு என்ன மனக்குறை என்று கேட்டுச் சொல்வார். பணிக்கர் வந்தார். முதல் நாள் மதியச் சாப்பாடு அவருக்குச் செயலாளர் வீட்டில். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று செயலாளரே பலரிடம் சொன்னார்.

ஊர் கூடியிருந்தது. பணிக்கர் சோழிகளை நகர்த்தி, நாகருக்குப் பால் போதவில்லை என்றார்; குளத்தில் சோப்புப் போடுகிறார்கள் என்றார்; பிறகு கண்ணை மூடித் திறந்து, "க்ஷேத்ரத்தில் சம்சாரம் கூடுதலாணு. தேவனு அது இஷ்டமல்ல" என்றார்.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. கோயிலில் பேச்சு அதிகம், தேவனுக்கு அது பிடிக்கவில்லை. இதை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே அங்கே இல்லை. கூட்டம் முழுக்க ஒரே திசையில் திரும்பி பழனாத்தாளைப் பார்த்தது. செயலாளர் மட்டும் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

பழனாத்தாள் எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"சாமி சொல்றது நாயந்தானுங்க. கோபுரத்துக்கு அடியிலயே ஒக்காந்திருக்கறவ நானு, எனக்கும் அப்பப்பத் தோணுமுங்க. உள்ள தனியா நிக்கறவருக்கு வெளிய ரெண்டு சம்சாரம். அதிகம்னு அவரே சொன்னதுக்கப்புறம் நாம என்னங்க பண்றது? ஒண்ணைக் கொறைச்சுப் போடலாம். எந்த அம்மாளைங்க எறக்கறது?"

கூட்டத்தில் ஒரு பகுதி சிரித்தது. இன்னொரு பகுதி சிரிக்கவில்லை. கோபுரத்து வள்ளி நாச்சிமுத்துக் கவுண்டர் குடும்பத்து உபயம். தெய்வானை வேல்முருகனின் மாமனார் வீட்டு உபயம். இரண்டு சிலைகளின் காலடியிலும் பேர் வெட்டியிருக்கிறது.

வேல்முருகன் கூரையை விட்டு இறங்கி வந்தார். "ஏம்மா, உனக்கு மலையாளம் தெரியாதா? போன வாரம் பஞ்சாயத்து ஆபீசுல மலையாளத்துல நீ போட்ட சத்தத்துல அங்கிருந்த கிளார்க்கு லீவுல போயிட்டாராம்."

"ஆபீசுல மலையாளமுங்க. பஸ்சுல ரெண்டுமுங்க. இது யாரு எடமுங்க? ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மைக்கைப் புடிச்சுட்டு தமிழ்க் கடவுளு, தமிழ்க் கடவுளுன்னு தொண்டை கட்டறது நீங்கதானுங்க. தமிழ்க் கடவுளு தமிழ்ல சொன்னா சம்சாரம்னா என்னங்க அர்த்தம்? இல்ல, அவரு மலையாளத்துலதான் பேசுவாருன்னா அதையும் மைக்குல சொல்லிப்போடுங்க. பொள்ளாச்சிக்காரங்க கேக்கட்டும்."

முருகன் மலையாளத்தில் பேசினார் என்றால் கோபுரத்துக்குக் கொடுத்தவர்கள் எழுந்து போவார்கள். தமிழில் பேசினார் என்றால் மாமனார் வீட்டுத் தெய்வானைக்கு ஆபத்து. வேல்முருகன் தலைவரைப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார் தலைவர்.

எல்லோரும் பணிக்கரிடம் திரும்பினார்கள். பணிக்கர் பல ஊர்க் கமிட்டிகளைப் பார்த்தவர். தான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்பதைச் சொல்கிற தப்பை அவர் செய்யவில்லை. "தேவனோடு தன்னே சோதிக்காம்" என்றார். தேவனிடமே கேட்டுவிடலாம் என்று பொருள். வழியையும் அவரே வகுத்தார். வருகிற பிரதிஷ்டை நாளில், காலை நடை திறந்ததிலிருந்து மதியச் சாப்பாடு முடிகிற வரை, மதிலுக்குள்ளும் வெளியே சாப்பாட்டுக் கூடத்திலும் யாரும் வாய் திறக்கக் கூடாது. தடங்கல் இல்லாமல் நாள் முடிந்தால் தேவன் கேட்டது மௌனம்தான். பழனாத்தாள் குளக்கரைக்குப் போகலாம். தடங்கல் வந்தால் தேவன் மனதில் இருப்பது வேறு.

பழனாத்தாள் ஒப்புக்கொண்டாள். அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் செயலாளருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெற்றி பெற்றவர்களுக்கு அது வருவதில்லை. அவர் ஒரு பலகை செய்யக் கொடுத்தார். மேலே மலையாளத்தில் 'நிசப்தத பாலிக்குக', கீழே தமிழில் 'அமைதி காக்கவும்'. கோபுர நடையில், பழனாத்தாளின் தலைக்கு நேர் மேலே அதை அடித்தார்கள். கூடவே, நல்ல நாளில் கமிட்டிக்காரர்கள் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று, கொழிஞ்சாம்பாறையில் மம்மது கடையிலிருந்து எல்லோருக்கும் ஒரே துணியில் வெள்ளைச் சட்டை எடுத்ததும் அவருடைய யோசனையே. மம்மது நல்ல வியாபாரி. "எல்லாம் ஒரே துணிச்சுருள்ல, ஒரே தான்ல வெட்டுனதுங்க, உங்களுக்கே வித்தியாசம் தெரியாது" என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

பிரதிஷ்டை நாள் வந்தது. பாறைமேடு அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. செண்டை மேளக்காரர்கள் ஓய்வு எடுத்தார்கள். கமிட்டிக்காரர்கள் வரிசையாக வந்து, கைபேசியைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையைக் கழற்றி நீட்டினார்கள். பழனாத்தாள் வாங்கித் தொங்கவிட்டாள். ஒவ்வொருவரும் வழக்கம்போல வயிற்றை எக்கிக்கொண்டு ஒரு நொடி நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. எக்கிய வயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே உள்ளே கொண்டுபோனார்கள்.

உள்ளேயும் சரியாக இல்லை. மேல்சாந்தி தீபாராதனைக்குத் தட்டை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பொள்ளாச்சி பஸ் போய்விட்டது என்று பழனாத்தாள் யாரிடமாவது சொல்வதைக் கேட்டுத்தான் அவர் தினமும் நேரம் அறிந்திருந்தார் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

ஆண்கள் எல்லோரும் நாலம்பலத்துக்குள் நின்ற அந்த நேரத்தில், கோபுர நடையில் பழனாத்தாள் கயிற்றின் முன்னால் தனியாக நின்றாள். வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காற்றில் ஆடின. அவள் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றின் கீழே கையை விட்டு, எதையோ சரிசெய்தாள். துணிக்கு அடியில் விரலால் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவள். என்ன பேசினாள் என்பது விரலுக்கும் சட்டைக்கும் நடுவில் உள்ள விஷயம்.

வெளியே வந்தவர்களுக்கு இரண்டு கையாலும் சட்டையை நீட்டினாள். இவ்வளவு மரியாதையாக அவள் என்றும் கொடுத்ததில்லை. தலைவரும் செயலாளரும் உடம்பு அளவில் ஒன்று. கமிட்டியில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாத ஒரே விஷயம் அதுதான். போட்டுக்கொண்டு, பொத்தான் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். சாம்பார் கேட்பவர்கள் இலையைத் தட்டினார்கள். பாயசம் போதும் என்பவர்கள் கையை மறித்தார்கள். இன்னும் மோர் மட்டும்தான் பாக்கி. வேல்முருகன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

அப்போது அவருடைய மார்பு அதிர்ந்தது.

வருகிற அழைப்பை எடுக்காமல் விட்டுப் பழக்கமில்லாதவர் அவர். சாப்பிட்ட கை வலது கை. இடது கையால் பைக்குள் துழாவி, பார்க்காமலே ஏதோ ஒரு இடத்தில் விரலை வைத்தார். அழைப்பு எடுபட்டதோடு ஒலிபெருக்கியும் சேர்ந்து திறந்துகொண்டது.

"ஏனுங்க, நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க, நான் பேசறதை மட்டும் கேளுங்க" என்றது ஒரு பெண் குரல். தலைவரின் மனைவி செல்வலட்சுமி. மௌனம் கோயிலுக்குத்தான், தன் வீட்டுக்கு இல்லை என்பது அவருடைய கொள்கை. "ஊட்டுல சம்பந்தி சனம் வந்து ஒக்காந்திருக்குது, வாழையெலை இன்னும் வர்ல. அதை உடுங்க. அந்த மைமண்டையன் பேச்சைக் கேட்டுட்டு பழனாத்தாளைக் கொளத்துக்குத் தொரத்துனீங்கன்னு வைங்க, பொழுதோட நீங்களும் அங்கயே சோறு தின்னுக்குங்க. ஊர்ல ஒருத்தி உங்களப் பாத்து வயித்தக் கொறைங்கன்னு சொல்றா. நாஞ் சொன்னா கேக்கறீங்களா?"

மைமண்டையன் கைபேசியைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார். தலைவர் அந்தக் கைபேசியைப் பார்த்தார். அதன் உறை தன்னுடையது என்று கண்டுகொண்டார். தன் பையில் கையை விட்டு, இன்னொருவருடைய கைபேசியை வெளியே எடுத்தார். அது அந்த நேரம் பார்த்து ஒளிர்ந்தது. திரையில் 'ஊட்டுக்காரி' என்று இருந்தது. யாருடைய ஊட்டுக்காரி என்று யோசிக்காமல் அவர் அதைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சிவந்து, அணைத்துவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வேல்முருகனின் மனைவி தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பதை நாச்சிமுத்துக் கவுண்டர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாயசம் சாப்பிடுவதில்லை.

முதலில் சிரித்தது மேல்சாந்தி. கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தவர், தூணைப் பிடித்துக்கொண்டார். "பணிக்கர் பறஞ்ஞது சரியாணு. சம்சாரம் கூடுதல் தன்னே" என்றார். எந்த மொழியில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டிலும் சரியாகத்தான் இருந்தது. பந்தியில் மோர் ஊற்ற வந்தவர் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பழனாத்தா எங்கே?" என்று கேட்டார் தலைவர், சட்டையை அங்கேயே கழற்றியபடி.

அவள் கூடத்துக்கு வெளியே கை கட்டி நின்றாள். தலையை ஆட்டினாள், இன்னும் வாய் திறக்கவில்லை.

"பேசு அம்மிணி. அதான் தடங்கல் வந்திருச்சே."

"ஏனுங்க, எல்லாம் வெள்ளைங்க, எல்லாம் ஒரே தான்ல வெட்டுனதுங்க. இது யாருதுங்கன்னு கேட்டுக் குடுக்கறதுக்கு வாயத் தொறக்கோணும். தொறக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கீங்க. நான் போர்டுக்குக் கட்டுப்பட்டவளுங்க" என்றாள் பழனாத்தாள். முகத்தில் ஒரு தப்பும் இல்லை. தரகர் வீட்டு முகம் அது.

தேவன் மனதில் இருந்தது மௌனம் இல்லை என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அப்படியானால் வேறென்ன என்று யாரோ கேட்கப் போனார்கள். வள்ளியும் தெய்வானையும் இருக்கிற திசையைப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைத் தலைவர் "பாக்கலாம்" என்று முடித்துவைத்தார். உத்தரத்து விரிசலுக்குத் தச்சர் வந்து இரும்புப் பட்டை அடித்தார். தகரக் கொட்டகை தவளைகளுக்கே விடப்பட்டது.

பலகையை மட்டும் கழற்றவில்லை. அதை அடித்த ஆணிகள் நீளமானவை. இரண்டின் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. பழனாத்தாளுக்கு அவை மிகவும் உபயோகமாக இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை வேல்முருகன் வந்தார். கட்டம் போட்ட சட்டை, பச்சையும் சிவப்பும். பொள்ளாச்சி வரை தேடினாலும் ஜோடி கிடைக்காத சட்டை. கழற்றி நீட்டினார். அவள் வாங்கி, 'அமைதி காக்கவும்' என்பதன் மேல் தொங்கவிட்டாள். அவர் போகவில்லை. வயிற்றை எக்கியபடி நின்றார். மேளம் நின்றிருந்தது, நடை திறக்கிற நேரம்.

"ஏம்மா, ஒண்ணும் சொல்லலையா?" என்றார் கடைசியில்.

"போர்டு இருக்குதுங்களே" என்றாள் பழனாத்தாள்.

"அட, சொல்லு."

அவள் சட்டையை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். நேர்கோட்டின் மறுமுனையில், மூடிய கதவுக்குப் பின்னால், மேல்சாந்தி மணியை அசையாமல் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றார்.